ரயிலில் போன மலை

எங்கள் ஊரில் வழி சொல்பவர்கள் கிழக்கு, மேற்கு என்று சொல்வதில்லை. மலைப் பக்கம், மலைக்கு எதிர்ப் பக்கம் என்றால் போதும். திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு கூரைக்கு மேல் மலை தெரியும். ஊர் என்றால் அதற்கு ஒரு மலை இருக்கும் என்று எட்டு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அத்தை வீட்டில் வளர்ந்தேன். என்னைப் பெற்ற சில நாட்களில் அம்மா இறந்துபோனாள். அப்பாவுக்கு நாக்பூர்ப் பக்கம் ஒரு ரயில்வே காலனியில் வேலை. குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். வந்தால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. கோயில் வாசலில் பிறந்து வளர்ந்தவர், கோயிலுக்குள் போகமாட்டார். நெற்றியில் எதுவும் இருக்காது. கல்லுக்கு எண்ணெய் ஊற்றுகிற நேரத்தில் ஒரு புத்தகம் படிக்கலாம் என்பார். அத்தை காதில் விழாததுபோல் அடுப்பை ஊதுவாள்.

அத்தையின் கணவர், என் மாமா, பஸ் நிலையத்துக்கு அருகில் ரொட்டிக் கடை வைத்திருந்தார். யுத்த காலத்தில் பெங்களூரில் பட்டாளத்து கேன்டீனில் வேலை பார்த்தபோது ரொட்டியும் கேக்கும் கற்றுக்கொண்டவர். எங்கள் ஊரில் கேக் வாங்குகிறவர்கள் குறைவு. கிறிஸ்துமஸுக்கு மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வாங்குவார்கள். எப்போதாவது ஒரு தாசில்தார் வீட்டில் பிறந்தநாள் வரும். கேக்கின் மேலே போர்த்தும் வெள்ளைச் சர்க்கரையை மாமாவே காய்ச்சிக் கல்லின் மேல் ஊற்றிக் கட்டையால் தேய்த்து எடுப்பார். இப்போது அதற்கு ஃபாண்டன்ட் என்று பெயர் சொல்கிறார்கள். எங்கள் கடையில் அது ஐசிங் மாவு. மாமாவின் ஐசிங் மாவு பார்க்க நன்றாக இருக்கும். மறுநாள் வெடித்துவிடும். அன்றைக்கே தின்கிறவர்களுக்கு அது போதும்.

அந்தக் கோடையில் அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பள்ளி திறப்பதற்குள் என்னை அழைத்துப்போக வருகிறார் என்பது மாமாவுக்கும் அத்தைக்கும் தெரிந்திருந்தது. மாவு பிசைகிறவருக்கும் ரொட்டி வாங்க வருகிறவர்களுக்கும்கூடத் தெரிந்திருந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே வந்ததும் பேச்சு மைதா விலைக்கு மாறிவிடும். எங்கள் வீட்டில் அந்த மாதம் பேசியதுபோல் மைதா விலையைப் பற்றி வேறெந்த மாதமும் பேசியதில்லை.

மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து ஒரு சரக்குக்காரர் வருவார். எசென்ஸ், கலர், ஈஸ்ட் எல்லாம் அவருடைய தோல்பெட்டியில் இருக்கும். கழுத்துப் பட்டை அழுக்காகாமல் இருக்கக் கைக்குட்டை மடித்து வைத்திருப்பார். அந்த முறை அவர் வந்தபோது, கடை விஷயத்தில் வாயே திறக்காத அத்தை சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்து நின்றாள்.

"ரெடிமேட் ஐசிங் வந்திருக்குதாமே. இருக்குதா?"

இருந்தது. மூன்று தினுசு எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது, கப்பலில் வந்த தகர டப்பா. இரண்டாவது, மெழுகுத்தாளில் சுற்றிய பெங்களூர்க் கட்டி. மூன்றாவது, தண்ணீர் விட்டுப் பிசைந்துகொள்ள வேண்டிய பொட்டலம்.

"இது சீமைச் சரக்கும்மா. காய்ச்ச வேணாம், தேய்க்க வேணாம். சப்பாத்தி மாதிரி இட்டு அப்படியே போத்திடலாம்."

"ரயில்ல போனா வெடிக்குமா?"

"எந்த ரயிலும்மா?"

"எந்த ரயிலா இருந்தா இன்னாங்க? ரெண்டு ராத்திரி குலுங்கும். வெயிலும் ஜாஸ்தி."

மாமா கல்லாவிலிருந்து தலை தூக்கினார். "கேக்குக்கு டிக்கெட் எடுக்கப் போறா. முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டான்னு கேளுங்க."

சரக்குக்காரர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ரயில் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். மாமாவுக்கு ஸ்டேஷனில் கடை போட அனுமதி கிடைத்துவிட்டது, இனி ஜன்னல் ஜன்னலாகக் கேக் விற்கப் போகிறோம் என்று முடிவுசெய்தேன். பள்ளித் தோழி ஒருத்தியிடம் சொல்லியும் விட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உன்ன அனுப்பப் போறாங்களாமே?" என்றாள். ஸ்டேஷனுக்குத்தான் என்று நினைத்து, ஆமாம் என்றேன்.

அத்தை மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினாள். மூன்று பித்தளைச் சொம்புகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தினுசை இட்டுப் போர்த்தி மூங்கில் தட்டில் வைத்தாள். மறுநாள் காலை அடி அண்ணாமலையிலிருந்து விறகு ஏற்றிவரக் கடை மாட்டுவண்டி கிளம்பியது. அத்தை தட்டோடு அதில் ஏறிக்கொண்டாள். என்னையும் தூக்கி உட்காரவைத்தாள்.

"இன்னாடி இது?" என்றார் மாமா.

"ரயிலுக்கு எங்கங்க போறது? இதுல குலுங்கிப் பாக்கட்டும்."

"ஐசிங்குக்குக் கிரிவலமா! சரிதான், சுத்திட்டே வாங்க. புண்ணியமாவது மிஞ்சும்."

மலையைச் சுற்றி அந்தப் பாதையில் பௌர்ணமிக்கு மட்டும் கூட்டம் இருக்கும். அன்று யாரும் இல்லை. நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக வழியில் வருகிற ஒவ்வொரு குளத்துக்கும் அவளிடம் ஒரு கதை இருக்கும். அன்று ஒரு கதையும் வரவில்லை. வண்டி போகப் போக மலை உருவம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் ஒற்றைச் சிகரம். இன்னொரு இடத்தில் படுத்திருக்கும் மாடு. அடி அண்ணாமலையில் விறகு ஏற்றும்போது அத்தை கேட்டாள்:

"உனக்கு எந்தப் பக்கத்து மலை புடிக்கும் கண்ணு?"

"நம்ம கடை வாசல்ல நின்னா தெரியுமே, அது."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் தலையில் இல்லாத பேனைத் தேடிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் தட்டை இறக்கிப் பார்த்தோம். பொட்டலத்து மாவு கோடைக்கால ஏரிபோல வெடித்திருந்தது. பெங்களூர்க் கட்டி கொஞ்சம் வழுக்கி, சொம்பின் கழுத்தில் மடிப்பு விழுந்து நின்றது. ஆனால் வெடிக்கவில்லை. சீமைச் சரக்கில் ஒரு கீறல் இல்லை. பளிங்குபோல் இருந்தது. நான் ஒரு விரல் நக்கிப் பார்த்து அதுதான் வேண்டும் என்றேன். மாமா டப்பாவைத் திருப்பி, பட்டாளத்தில் கற்ற இங்கிலீஷில் எழுத்துக் கூட்டினார்.

"ஜெலட்டின் போட்டிருக்கான். அது எலும்பு காய்ச்சி எடுக்கறது. மாடோ பன்னியோ, அவனுக்குத்தான் தெரியும்."

அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கும் நாக்கைக் கழுவிவிட்டாள். "இதப் போயி மலை மேல போத்தறதா?" என்றாள். அப்போதுதான் செய்யப்போவது மலை என்று எனக்கும் மாமாவுக்கும் தெரிந்தது. மாமா எதுவோ கேலியாகச் சொல்ல வாயெடுத்து, அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டப்பா பின்னால் தாசில்தார் வீட்டுக் கேக்குக்குப் போனது.

பெங்களூர்க் கட்டி தேர்வானது. அதில் எசென்ஸ் தூக்கலாக இருந்தது. நிறம் சுத்த வெள்ளையில்லை, பழைய வேட்டியின் நிறம். கலர் சேர்க்கப்போவதால் அது பரவாயில்லை என்றாள்.

மலைக்கு முட்டை ஆகாது என்பதால் மாமா தயிரும் சோடா மாவும் போட்டுக் கேக் சுட்டார். அதை அடுக்கிச் செதுக்கி, கடை வாசலில் இறங்கி நின்று நிஜ மலையைப் பார்த்துப் பார்த்து உருவம் கொண்டுவந்தார். மூன்று முறை செதுக்கியும் வலப்பக்கச் சரிவு அவருக்கு வரவில்லை. அத்தை கட்டியைப் பிசைந்து இட்டு மேலே போர்த்தினாள். மாமாவின் காய்ச்சிய சர்க்கரை இப்படி வளைந்துகொடுக்காது. இது துணிபோல் ஒவ்வொரு மடிப்பிலும் இறங்கி உட்கார்ந்தது. அதில் பச்சைக் கலர் சேர்த்திருந்தாள். வெளியே மலை காய்ந்து பழுப்பாக இருந்தது. நான் சுட்டிக்காட்டினேன்.

"மழை பெஞ்சா இப்படித்தான் இருக்கும்."

"இன்னும் மழையே வரலியே அத்தை."

"வரும்."

உச்சியில் தீபத்துக்குச் சிவப்பாக ஒரு செர்ரி வைத்தாள். செர்ரி என்று விற்கப்பட்ட அது, சர்க்கரையில் ஊறிய களாக்காய்.

அப்பா என் பிறந்தநாள் அன்று காலையில் வந்தார். சாயங்கால வண்டியில் கிளம்ப வேண்டும் என்றார். எனக்கு அப்போதுதான் சொன்னார்கள். சொன்னவர் மாமா. "நீ அப்பா கூட ரயில்ல போற. ஜன்னலோரம்" என்றார். நான் முதலில் கேட்டது, கேக் யார் விற்பார்கள் என்பது. என் துணிகள் ஏற்கெனவே ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போயிருந்தன.

மத்தியானம் மேசைமேல் மலையை வைத்து மாமா ரொட்டி வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தார். என் கையில் கொடுத்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மாமாவைப் பார்த்தாள். மாவு பிசைகிறவர் வாசற்படியில் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டார். எங்கள் ஊரில் மலைமேல் சாமி இல்லை. மலையே சாமி. அத்தனை நாள் செதுக்கியும் இட்டும் போர்த்தியும், கடைசியில் ஒரு கேக்கை வெட்ட வேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மலைய எப்படிங்க வெட்டறது?" என்றாள் அத்தை.

"செய்யும்போது யோசிக்கணும்" என்றார் மாமா, தான் செய்யாததுபோல.

அப்பா முதல் முறையாகச் சிரித்தார். "மைதா, சர்க்கரை. இதுல சாமி எங்க இருக்குதுக்கா? கொடு இப்படி" என்று கத்தியை வாங்கிக்கொண்டார். செர்ரிக்குப் பக்கத்தில் வைத்தார். வலப்பக்கச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, "வண்டிக்கு நேரமாச்சு. அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். வண்டிக்கு நேரம் நிறைய இருந்தது. அவர் சட்டைப் பையில் வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அத்தை மலையைப் பெரிய பிஸ்கட் டின்னில் வைத்து, சுற்றிலும் காகிதம் திணித்து மூடினாள். ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. கடை அடுப்பில் ரொட்டி இருக்கிறது, பார்க்க ஆளில்லை என்றாள். அன்று கடைக்கு விடுமுறை.

ஸ்டேஷனை விட்டு வெகுதூரம்வரை மலை ஜன்னலில் கூடவே வந்தது. பிறகு இருட்டில் காணாமல்போனது. காட்பாடியிலும் சென்னையிலும் வண்டி மாறினோம். விடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊர் வரும்போதும் அதன் மலையைத் தேடினேன். அப்பா புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். டின் அவர் மடியில் இருந்தது. கீழே வைக்கச் சொன்ன ஒருவரிடம், உடைகிற சாமான் என்றார்.

குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள். ஒரே மாதிரி வீடுகளின் வரிசை, அதற்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் தரை வானம் வரைக்கும் சமமாகப் போனது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரியவில்லை. டின்னைத் திறந்தோம். ஐசிங் வெடித்திருக்கவில்லை. அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

மலையை ஜன்னல் திட்டில் வைத்தேன். அப்பா அதை வெட்டும் பேச்சை எடுக்கவில்லை. எறும்புகள் வந்தன. அவை அடிவாரத்தைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரின் பௌர்ணமி ஞாபகம் வந்தது. அப்பா வேலைக்குப் போவதற்குமுன் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மலையைத் தட்டோடு வைத்துவிட்டுப் போனார். பகலெல்லாம் அந்த வீட்டில் நானும் அதுவும் மட்டும் இருப்போம். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து என்னவோ கேட்பார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஜன்னலைக் காட்டுவேன். கேக் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஊர் வெயிலில் ஐசிங் மெல்ல இளகியது. ஒரு சாயங்காலம் உச்சியிலிருந்த செர்ரி நழுவி, மாமாவுக்கு வராத வலப்பக்கச் சரிவில் நின்றது. நான் தொடவில்லை. விளக்கேற்றுகிற நேரத்துக்கு அப்பா வேலை முடிந்து வந்தார். நான் பாயில் படுத்திருந்தேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போனார். செர்ரியை எடுத்தார். வாயில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அதை வேட்டியின் நுனியில் துடைத்து, உச்சியில் வைத்து, விரலால் அழுத்திவிட்டார். அதன்பிறகும் எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். அவர் கைகள் மேலே போயின. இரண்டு கன்னத்திலும் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

"கொசுவாப்பா?" என்றேன்.

அவர் கைகளை இறக்கினார்.

"ஆமாம்மா" என்றார். "இங்க கொசு ஜாஸ்தி."

நான் எழுந்துபோய் விசிறியை எடுத்துவந்து கொடுத்தேன்.