தீராத பேட்டரிகள்

‘முன்கதவு: பேட்டரி தீர்ந்துவிட்டது. கருவி செயலிழந்தது.’ இந்த வாசகத்தை எங்கே கண்டாலும் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. ஒரு கருவி தவறாகச் சொல்வதில் வியப்பொன்றும் இல்லை. கடிகாரம் தவறுகிறது, தராசு தவறுகிறது. அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டு என் குடும்பம் ஒரு பெண்ணுக்குச் செய்ததுதான் அதற்குக் காரணம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயின. அப்பா இல்லை. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். நான் சமூகப்பணி படித்துவிட்டுத் தருமபுரியில் ஒரு சிறிய பெண்கள் அமைப்பில் வேலை செய்கிறேன். கம்பைநல்லூர் வீட்டுக்கு வார இறுதியில்தான் போக முடியும். இரவில் சித்தப்பாவும் சித்தியும் வந்து அம்மாவுக்குத் துணையாகப் படுத்துக்கொள்வார்கள். பகலில் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவிலிருந்து ஓர் அக்கா வந்தார். விடிந்ததும் வேறு இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கிக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தால், பொழுது சாயும்வரை அம்மாவுடன்தான் இருப்பார். அவர் வீட்டில் பேசுவது கன்னடம். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது “ஒந்து, எரடு, மூறு” என்று எண்ணுவார். கன்னடம் அறியாத அம்மா அந்த மூன்றாவது சொல்லை மட்டும் தானும் சேர்ந்து சொல்லி, உடம்பை முடிந்த அளவுக்குத் தூக்கிக் கொடுப்பார். இத்தனை மாதங்களில் அம்மாவின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

விடுமுறைக்கு வந்த அண்ணன், வீட்டைத் தன் கைபேசிக்குள் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னான். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய வெள்ளைக் கருவிகளை ஒட்டினான். கூடத்திலும் அம்மாவின் அறையிலும் ஒட்டியவை ஆள் நடமாட்டத்தைச் சொல்லும். முன்கதவிலும் பீரோவிலும் ஒட்டியவை, திறந்தாலும் மூடினாலும் சொல்லும். ஒவ்வொன்றுக்குள்ளும் நாணயம் போன்ற வட்டமான ஒரு பேட்டரி. கருவிகள் அனுப்பும் செய்திகளையெல்லாம் தொலைக்காட்சிக்கு அருகில் வைத்த ஒரு பெட்டி வாங்கி, இணையம் வழியாக அவனுக்கு அனுப்பும். எது நடந்தால் எந்த எச்சரிக்கை வரவேண்டும் என்ற விதிகளையும் அவனே எழுதினான். பெருமையாகவே எழுதினான்.

அவன் விமானம் ஏறிய வாரத்திலேயே எச்சரிக்கை தொடங்கியது. பெரும்பாலும் பிற்பகலில் முன்கதவின் பேட்டரி தீர்ந்துவிட்டதாக வரும். அண்ணன் சித்தப்பாவை அழைப்பான். அவர் வாட்ச் கடையில் புதிய பேட்டரி வாங்கிக்கொண்டு மாலையில் வந்து மாற்றுவார். மாற்றியதும் எச்சரிக்கை மறைந்துவிடும். ஆகவே தீர்ந்தது பேட்டரிதான் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. மறுநாள் பிற்பகலில் மீண்டும் அதே வாசகம் வரும். பீரோவில் இருந்த கருவியும் அவ்வாறே ‘இறந்து’, மாற்றியதும் ‘பிழைத்து’, மீண்டும் இறந்தது.

“என்னடா இது, ஈசலாட்டம் செத்துச் செத்துப் போவுது?” என்று சித்தப்பா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. புதிய பேட்டரி ஒரே நாளில் தீராது. ஆகவே யாரோ புதியதை எடுத்துவிட்டுப் பழையதை வைக்கிறார்கள். கதவுக் கருவி இறப்பது அந்த அக்கா எங்கள் வீட்டில் அம்மாவுடன் தனியாக இருக்கும் நேரத்தில். பீரோவில் அம்மாவின் நகைகள் இருக்கின்றன; கருவி இறந்திருந்தால் அதைத் திறப்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான் அவனுடைய தர்க்கம். கேட்டால் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த ஒழுங்குதான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை நான் ஊரில் இல்லை. கட்டிலிலிருந்து பார்த்ததை அம்மா குழறும் நாக்கால் சொல்ல, நான் கோத்துப் புரிந்துகொண்டேன். மாலையில் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சித்தப்பா கைபேசியை நீட்டியபடி கூடத்தில் நின்றார். திரையில் அண்ணன் இருந்தான்.

“கூடையைக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க,” என்றான்.

“எதுக்குங்க தம்பி?”

“பேட்டரி காணோம். சும்மா ஒரு செக்கிங்.”

எதற்கென்று அவருக்கு விளங்குவதற்குள் சித்தப்பா அந்த ஒயர் கூடையைத் தரையில் கவிழ்த்தார். சோற்று டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை, மடித்த பழைய சேலை. முன்கதவு வழக்கம்போல விரியத் திறந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண்களும் தண்ணீர் பிடிக்க நின்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அந்தச் சேலையை உதறிப் பாருங்க சித்தப்பா,” என்றது திரை. சித்தப்பா தயங்கினார். அக்காவே அதை எடுத்து உதறினார். பிறகு, யாரும் கேட்காமலே, உடுத்தியிருந்த சேலையின் முந்தானையையும் விரித்து உதறிக் காட்டினார். எல்லாவற்றையும் கூடைக்குள் அள்ளி வைத்துவிட்டு, அம்மாவின் அறை வாசலில் வந்து, “வரேங்கம்மா” என்றார். மறுநாள் வரவில்லை.

சனிக்கிழமை நான் போனபோது சித்தி அம்மாவைப் புரட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அதைவிட மோசமான செய்தியை அவரே சொன்னார்: அக்கா காலையில் வேலை செய்த இரண்டு வீடுகளிலும் அவரை நிறுத்திவிட்டார்கள். தெருவில் ‘பேட்டரி’ என்ற சொல் வெள்ளிக்கிழமையே ‘நகை’ ஆகியிருந்தது. வீட்டு வேலை செய்கிறவருக்குக் கூலிக்கு முன்னால் பெயர் வேண்டும். பெயர் போனால் அந்த ஊரில் அடுத்த வாசல் கிடையாது. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக இதைப் பல மனுக்களில் நான் எழுதியிருக்கிறேன். அதே செயல் என் வீட்டுக் கூடத்தில் நடந்திருந்தது.

பேட்டரி உண்மையில் தீர்ந்ததா என்பதைத்தான் முதலில் அறிய வேண்டியிருந்தது. சித்தப்பா கழற்றியவற்றையெல்லாம் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுவைத்திருந்தார். எலெக்ட்ரிக் கடையில் மீட்டர் இரவல் வாங்கி வந்து ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாவற்றிலும் மின்சாரம் நிறைந்திருந்தது. தீர்ந்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. அப்படியானால் யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை. எச்சரிக்கைதான் பொய்.

ஏன் பொய் என்று தெரிந்தால்தான் அண்ணன் ஒப்புக்கொள்வான். அவனிடம் கடவுச்சொல் கேட்டு, பழைய எச்சரிக்கைகளின் பதிவை என் கைபேசியில் திறந்தேன். முன்கதவு எச்சரிக்கை நாள் தவறாமல் வந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் வரவில்லை. அன்று என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். சற்று யோசித்தார்.

“சாவு போச்சே... மேலத் தெருவுல.”

எங்கள் தெரு வழியாகப் பிணம் போகும்போது எல்லா வீடுகளிலும் கதவைச் சாத்துவார்கள். போனதும் வாசலில் தண்ணீர் தெளித்துத் திறப்பார்கள். அன்று நண்பகலில் அக்காவும் சாத்தித் திறந்திருக்கிறார். மற்ற நாள்களில்? சித்தி விடியலில் கோலம் போடத் திறக்கும் கதவு, எல்லாரும் படுக்கப் போகும்வரை திறந்தே கிடக்கும். பகலில் கதவைச் சாத்திவைப்பவர்கள் எங்கள் தெருவில் இல்லை. சாத்தினால், என்னவோ ஏதோ என்று அக்கம்பக்கத்தார் வந்து தட்டுவார்கள்.

இதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சமானது. மலிவான அந்தக் கருவி, பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, திறக்கும்போதும் மூடும்போதும் மட்டுமே பேசும். மற்ற நேரத்தில் மௌனம். அண்ணன் எழுதிய விதியோ, பத்து மணி நேரம் பேசாத கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பது. விடியலில் திறந்த கதவு பிற்பகல்வரை மௌனமாக இருந்ததால் அதன் கருவி இறந்ததாக அறிவிக்கப்பட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கருவி விழித்து ஒருமுறை பேசும். உடனே பிழைத்ததாகக் காட்டும். பழைய பேட்டரியையே மீண்டும் மாட்டியிருந்தாலும் அப்படித்தான் காட்டியிருக்கும்.

பதிவில் இன்னொன்றும் இருந்தது. நாள்கணக்காக யாரும் திறக்காத பீரோவுக்குச் சித்தப்பா மாலையில் பேட்டரி மாற்றுவார். அதன் எச்சரிக்கை பத்து மணி நேரம் கழித்து, விடியலுக்கு முன்னால் வந்திருந்தது. அந்த நேரங்களில் அம்மாவுடன் வீட்டில் இருந்தவர்கள் சித்தப்பாவும் சித்தியும். அவர்கள் பையை யாரும் சோதிக்கவில்லை. அண்ணன் கைபேசியில் அந்த நேரங்கள் தெளிவாக இருந்தன. தனக்குத் தேவையானவற்றை மட்டும் படித்திருக்கிறான். இதைக் கண்டபோது எனக்கு வந்தது கோபமல்ல. அழுகிய ஒன்றைத் தெரியாமல் கையில் பிடித்துவிட்டவளைப் போலக் கைபேசியை வைத்துவிட்டு, கையைக் கழுவ எழுந்தேன்.

அவனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“ஓ, டைம் லிமிட் பிரச்சினையா? சிம்பிள் பாப்பா. விதியை மாத்திடலாம். இல்லன்னா அந்தம்மாவை அப்பப்ப கதவைச் சாத்தித் தொறக்கச் சொல்லு.”

“அவங்க வேலைக்கே வரதில்லண்ணா. நீ கூடையைக் கவுக்கச் சொன்னதுக்கப்புறம் மூணு வூட்டு வேலையும் போச்சு.”

“நான் அம்மா சேஃப்டிக்குத்தான செஞ்சேன்? ஒரு செக்கிங்குக்கு இவ்ளோ சீனா?”

“நீ அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு. அன்னைக்கு மாதிரியே, வீடியோல, எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

“சரி, போட்டுக் குடு,” என்றான்.

அக்காவின் வீட்டுக்குப் போனேன். “வாங்க பாப்பா,” என்று அழைத்து உட்காரச் சொன்னார். கருவியின் பிழையை விளக்கினேன்; தலையாட்டினார். அவர் அறிய விரும்பியது கருவியை அல்ல என்பது முகத்தில் தெரிந்தது. அண்ணனை அழைத்துக் கைபேசியைக் கொடுத்தேன்.

“அக்கா, உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி,” என்றான் திரையிலிருந்து. “ஒரு டெக்னிக்கல் மிஸ்டேக்.”

அவர் கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“பட்டிருந்தான்னா என்னங்க பாப்பா? பட்டேனா இல்லையான்னு அவருக்குத் தெரியாதா? அன்னைக்கு நான் முந்தானையை ஒதறறப்ப பாத்துக்கினுதான இருந்தாரு?”

அம்மாவுக்காகவாவது வருவாரா என்று கேட்க நினைத்தேன். கேட்பதே இழிவு என்று தோன்றியது. அவரே சொன்னார்: “உங்க வூட்டுக்கு வர்றதுக்கு இல்லீங்க. அந்த ரெண்டு வூட்டுலயும் மட்டும் விசயத்தைச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

மறுநாள் காலையில் சித்தப்பாவை வற்புறுத்தி உடன் அழைத்துக்கொண்டு போனேன். அவர்தான் கூடையைக் கவிழ்த்தவர். அவர் வாயால் வரவேண்டும். முதல் வீட்டில், “அந்தப் புள்ள மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க, மிசினு பண்ண கூத்து,” என்றார். கூடையைக் கவிழ்த்ததை அவர் சொல்லவில்லை; நான் சொன்னேன். வீட்டுக்காரர், “அதான பாத்தேன், அது அப்படிப்பட்ட ஆளில்லயே,” என்று, நிறுத்தியவர் தாம் அல்ல என்பதுபோலச் சொல்லி, திங்கட்கிழமை முதல் அக்காவை வரச்சொன்னார்.

இரண்டாவது வீட்டில் ஓர் அம்மையார் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் பேட்டரிகளை அளந்ததையும் பதிவைப் படித்ததையும், ஒரு பொருளும் காணாமல் போகவில்லை என்பதையும் விளக்கினேன். மனுக்களில் எழுதுவதைவிடத் தெளிவாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கனிவாகச் சிரித்தார்.

“நீ நல்ல பொண்ணு. பாவம் பாத்து வந்து சொல்ற. ஆனா ஒண்ணு சொல்லு கண்ணு, உங்க வூட்டு ஆளுங்க எல்லாம் படிச்சவங்க. ஒண்ணுமே இல்லாமயா கூடையைத் தொறந்து பாத்திருப்பீங்க?”

“ஒண்ணுமே இல்லாமதாங்க பாத்தாங்க,” என்றேன்.

“சரி சரி,” என்று அவர் மோர் டம்ளரை வாங்கிக்கொண்டார். வேறு ஆள் ஏற்கெனவே வைத்தாயிற்று என்றார்.