உல்லன் போண்டா

போண்டாவுக்குக் கண் வைத்தது தப்பு என்று என் தம்பி சொன்னபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. மஞ்சள் காமாலை வந்த பிள்ளையைக் கை நீட்டி அடிக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அந்த உத்தரவு அவன் காதிலும் விழுந்துவிட்டதுதான் எனக்கு வந்த வினை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆரணியில் எங்கள் வீட்டின் முன்னறையை அப்பாவின் தறி அடைத்துக்கொண்டிருக்கும். மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் நான்கு பேரும் குடியிருந்தோம். தம்பிக்குக் கண் மஞ்சளானதும் அப்பா தெள்ளார் பக்கம் போய், காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஒருவரிடம் மருந்து வாங்கி வந்தார். காலையில் வெறும் வயிற்றில் அந்தப் பச்சைச் சாற்றைக் குடிக்க வேண்டும். உப்பு ஆகாது, புளி ஆகாது, எண்ணெய் வாசனைகூட ஆகாது. அம்மா வாணலியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். நோய் அவனுக்கு, பத்தியம் வீட்டுக்கே. நானும் தாளிக்காத மோர்ச்சோற்றைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு எங்கள்மேல் என்ன கோபமோ தெரியாது. தினமும் நாலு மணிக்குச் சொல்லி வைத்தாற்போலப் போண்டா போடுவார்கள். வாசனை நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். உடனே தம்பி அழ ஆரம்பிப்பான். போண்டா இல்லையென்றால் மருந்தும் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொள்வான். வாயைத் திறந்து மருந்தை ஊற்றப்போன அப்பாவின் விரலை ஒருநாள் கடித்தே விட்டான். மருந்து ஒழுங்காக உள்ளே போகாவிட்டால் காமாலை முற்றிவிடும் என்று கொடுத்தவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையோடு என்னைப் பார்த்தாள்.

அந்த வருஷம் எங்கள் தையல் டீச்சர் குரோஷா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முனையில் கொக்கி வைத்த ஓர் ஊசி, ஓர் உருண்டை உல்லன் நூல், இவ்வளவுதான் சாமான். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்து, சுற்றிச் சுற்றிப் போட்டால் பொம்மை வந்துவிடும். பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக நான் சிவப்பு நூலில் ஒரு ஸ்ட்ராபெரி போட ஆரம்பித்திருந்தேன். ஸ்ட்ராபெரியை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. டீச்சர் கண்டிருப்பாரா என்பதும் சந்தேகம். ஆனாலும் அவருடைய புத்தகத்தில் அது கண்ணும் சிரிப்புமாக அவ்வளவு அழகாக இருந்தது.

"மருந்த ஒழுங்கா குடிச்சினா, அக்கா உனக்கு நூல்லயே போண்டா போட்டுத் தருவா" என்று அம்மா அவனிடம் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழுப்பு நூல் வாங்கி வந்து உட்கார்ந்தேன். தறிக்காரர் வீட்டில் நூல் வேலை செய்வதைப் போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது. ஆளாளுக்கு அபிப்பிராயம் வைத்திருப்பார்கள். அப்பா தறியைவிட்டு எழுந்து வந்து, என் ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவு எங்க? ஊடை எங்க? ஒத்த நூல வெச்சிகினு இன்னாத்த நெய்வ?" என்று கேட்டார். நீள நூலும் குறுக்கு நூலும் வைத்து நெய்கிற நெசவு இல்லைப்பா இது என்றேன். அப்படியானால் துணியே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தொங்கும் நூலைப் பார்த்துவிட்டுச் சும்மா போனவர் கிடையாது. துணியில் எங்காவது ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கை தானாகப் போய் இழுத்துக் கிள்ளிவிடும். அப்பா ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஆளின் சட்டைக் காலரில் தொங்கிய நூலைப் பிடுங்கி, பெரிய சண்டையாகிவிட்டது. நெய்த துணியில் ஒரு நூலை இழுத்தால் ஒரு நூல்தான் வரும். குரோஷாவில் இழுத்தால் என்ன ஆகும் என்பது ஏழு தலைமுறைக்கும் அவர்கள் அறியாத விஷயம்.

இரண்டு நாள் முதுகு ஒடியப் போட்டு, முக்கால் போண்டா ஆகியிருந்தது. ஜன்னலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் போண்டாவைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு தார்க்குச்சி இருந்தது. ஊடைக்கு நூல் சுற்றும் குச்சி அது. அதில் என் பழுப்பு நூல் முழுவதும் வரிவரியாக, ஒரு பிசகில்லாமல் சுற்றப்பட்டிருந்தது.

"நூலு தொங்கிகினு இருந்திச்சி, இஸ்தேன். அது பாட்டுக்கு வந்துகினே இருந்திச்சிம்மா. வீணாப் போவப் போவுதேன்னு சுத்தி வெச்சேன்" என்றார் அப்பா. இழுத்ததும் சுற்றியதும் ஏதோ சாதனை மாதிரி, பாராட்டை எதிர்பார்க்கிற முகம் வேறு.

மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை முழுப் போண்டாவையும் முடித்து, கடைசியில் முடிச்சும் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து, தம்பியைப் பார்த்துவிட்டுப் போக முள்ளிப்பட்டிலிருந்து பெரியம்மா வந்தாள். அவர்கள் வீட்டிலும் தறிதான். நெய்து முடித்த சேலையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து முடிச்சுகளையெல்லாம் நகத்தால் தேடிக் கிள்ளுவது அவளுடைய வேலை. பேசிக்கொண்டே போண்டாவைக் கையில் எடுத்தாள். பேசிக்கொண்டே முடிச்சைக் கிள்ளினாள். முடிச்சு போனதும் நூல் தொங்கியது. நூல் தொங்கினால் என்ன நடக்கும் என்பதைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே. நான் அலறிக்கொண்டு ஓடி வருவதற்குள் பாதிப் போண்டா நூலாகி அவள் மடியில் கிடந்தது.

"ஒரு இஸ்ப்புக்குத் தாங்கலன்னா அது இன்னாடி வேல?" என்று பெரியம்மா என்னையே திட்டினாள். நான் அழுதேன். "அவதான் பெரிம்மாவாச்சே, பேஜார் பண்ணாத, வேற போடு" என்றாள் அம்மா.

மூன்றாவது போண்டா கோபத்திலேயே போட்டது. அதனால் நல்ல கெட்டியாக வந்தது. உள்ளே அடைப்பதற்குத் தறியடியில் சேர்ந்திருந்த கழிவுப் பட்டைத் திணித்தேன். அசல் பட்டு அடைத்த போண்டா எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் கிடைத்திருக்காது. இரண்டு கறுப்பு மணிகளைக் கண்ணாக வைத்து, கறுப்பு நூலால் ஒரு சிரிப்பும் தைத்தேன். கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முடிச்சு போட்டு, நுனியை ஊசியால் உள்ளே தள்ளி, வெளியே ஒரு துளி நூல் தெரியாமல் பண்ணினேன். இனி எந்த நெசவாளியாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி அதை வாங்கிப் பார்த்தான். "இது லட்டு" என்றான். போண்டாதான் என்று சாதித்தேன். "போண்டாக்கு எதுக்குக் கண்ணு? எப்புடித் துன்றது? பாக்குதே!" என்றான். பொம்மைக்குக் கண் உண்டு என்று டீச்சர் சொன்னதைச் சொன்னேன். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்றான். பிறகு அவனே வழி கண்டுபிடித்து, கண் இருக்கிற பக்கத்தைத் தலையணையில் கவிழ்த்துவிட்டு, பின்பக்கத்தைக் கடிக்கிற மாதிரி செய்தான். செய்துவிட்டுச் சட்னி எங்கே என்று கேட்டான்.

சட்னி போட மாட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா என் பைக்குள் கைவிட்டு, பாதியில் நின்றிருந்த ஸ்ட்ராபெரியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கிண்ணம் மாதிரி சிவப்பாக இருந்தது, அவ்வளவு போதும். கண்காட்சிக்குப் போக வேண்டிய என் ஸ்ட்ராபெரி அன்று முதல் காரச் சட்னி. ஆனால் மறுநாள் காலையில் அவன் மருந்தைக் குடித்தான். அதற்கடுத்த நாளும் குடித்தான். மூன்றாம் நாள் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் திறந்தபோது அம்மாவைப் பார்த்து யாரென்று கேட்டான்.

அப்பா பாதி நெய்த சேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். காலை பஸ்ஸில் அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரைமயக்கத்திலும் அவன் போண்டாவை விடவில்லை. சட்னியை மட்டும் வைத்துவிட்டுப் போனான். எனக்குத் துணையாகப் பெரியம்மா வந்து தங்கினாள். தறிச் சத்தம் இல்லாத வீடு எப்படியோ இருந்தது. பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் அடிக்கடி போய் நின்றாள். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னாள், நானும் நம்பினேன்.

மறுநாள் சாயங்காலம் மாற்றுத்துணி எடுத்துப்போக அப்பா மட்டும் வந்தார். தம்பி இப்போது கண் விழித்து அம்மாவை அடையாளம் தெரிந்துகொண்டான் என்று பெரியம்மாவிடம் சொன்னார். அவள் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அப்பா வந்து, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடித்த மருந்துச் சீட்டின்மேல் வரிவரியாகச் சுற்றிய பழுப்பு நூல். மருந்துக்கடைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிய இரண்டு கறுப்புக் கண்கள். கைக்குட்டையில் முடிந்த கழிவுப் பட்டு.

"நர்ஸம்மா இதெல்லாம் உள்ள வெக்கக் கூடாதுன்னு வெளிய குடுத்துட்டாங்க. மறுபடியும் போட்டுக் குடு. கேப்பான்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. முதல் தடவை தெரியாமல் செய்தார், சரி. பெரியம்மா பழக்க தோஷத்தில் செய்தாள், அதுவும் சரி. நான்கு முடிச்சு போட்டு உள்ளே தள்ளிய நூலைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பிரிப்பதென்றால் அது வேண்டுமென்றே செய்ததுதானே? "உனக்குக் கை சும்மாவே இருக்காதாப்பா?" என்று கத்தினேன். அதோடும் விடவில்லை. நூலைப் பிரித்துப் பார்த்து, "நல்ல நூல இப்படி பாழாக்கினு வந்துட்டியே, எல்லாம் பஞ்சு பஞ்சா ஆயிட்டிருக்குது, இதுல எப்படிப் போடறது?" என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அப்பா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, தறியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். செய்த தப்பு உறைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான்காவது போண்டா போட்டேன். நூல் பிரிபிரியாகப் போயிருந்ததால் கொக்கி மாட்டிக்கொண்டே இருந்தது. திட்டிக்கொண்டேதான் போட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தம்பி எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாகப் போண்டாவைத் தடவிப் பார்த்து, "இது நேத்து போண்டா. பூசணம் புடிச்சிருக்குது" என்றான். அடிக்கக்கூடாது என்ற உத்தரவு அப்போதும் அமலில்தான் இருந்தது.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா போண்டா போட, தம்பி உப்பு குறைச்சல் என்று குறை சொல்லிக்கொண்டே எட்டாவதைத் தின்றுகொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாக, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "மொத நாளு டாக்டரு இவனப் பாத்துட்டு கைய விரிச்சிட்டாரும்மா. விடிஞ்சாதான் எதுவும் சொல்ல முடியும்னுட்டாரு. உங்கப்பாவ உள்ளயே வுடல. அந்த வராண்டாவுல ஒக்காந்துகினே இருந்தாரு. உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு."

எனக்குச் சட்டென்று அந்த நூல் ஞாபகம் வந்தது. இன்றைக்கும் நான் குரோஷா போடுகிறேன், போட்டதைப் பிரிக்கவும் செய்கிறேன். ஒரு தடவை பிரித்தால் உல்லன் நூல் பஞ்சாகாது. அதற்கு முன்னால் இரண்டு தடவை பிரித்தபோதும் அது புதுசாகத்தான் இருந்தது. அப்படிப் பிரிபிரியாகப் போக வேண்டுமென்றால், வியர்த்த கையால் அதைச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றி, எத்தனை தடவை செய்திருக்க வேண்டும் என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. பாழாக்கிவிட்டாயே என்று நான் கத்தியதும் ஞாபகம் வந்தது.

எழுந்து அப்பாவிடம் போய், அன்றைக்கு ஏன்ப்பா போண்டாவைப் பிரித்தாய் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளில் எங்கோ நீட்டிக்கொண்டிருந்த ஒரு பிசிறைக் கிள்ளி எடுத்தார்.

"நூலு தொங்கிகினு இருந்திச்சிம்மா," என்றார். "இஸ்தேன்."