பதிவை நிறுத்தியாச்சு என்று சொன்ன ஞாயிறு

இரண்டே பக்கம்தான். கம்ப்யூட்டரில் அடித்து, மூலையில் பின் குத்தி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நேரில் நடந்த ஒரு கூட்டத்தில் செயலாளர் ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது நான் அதை வைத்து விசிறிக்கொண்டேன். நல்ல வெயில் காலம். மேலே ‘இணையவழிக் கூட்டங்களுக்கான விதிகள்’ என்று போட்டிருந்தது. எங்கள் மாவட்ட லேப் டெக்னீஷியன்கள் சங்கத்தில் அதுவரை இருந்த ஒரே விதி, டீ வந்த பிறகுதான் கூட்டம் தொடங்கும் என்பது. அந்தத் தாளைப் பற்றி எழுத உட்கார்ந்து இதோடு மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஃபேன் போட்டால் குளிர்கிறது, அணைத்தால் புழுங்குகிறது.

செயலாளர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பெண். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தார். நான் சிதம்பரம் மேல வீதியில் சின்னதாக ஒரு லேப் வைத்திருப்பவன். சங்கத்தில் துணைத் தலைவர். வாய் கொஞ்சம் நீளம். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் மாதக் கூட்டம், முதல் ஞாயிறு காலையில், செல்போனுக்குள் போய்விட்டது. ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டே கலந்துகொள்வார். ஒருவர் வீட்டுக் குக்கர் விசில் எல்லார் வீட்டிலும் கேட்கும். டாக்டர் ஒருவர் டெங்கு பரிசோதனை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆள் ஒருவர் மனைவியிடம், “இவரு எப்ப முடிக்கிறது, நான் எப்ப கறி வாங்கப் போறது” என்று அலுத்துக்கொண்டது டாக்டர் காதிலேயே விழுந்தது. விதிகள் அதற்கு அடுத்த வாரம் பிறந்தன.

பேசாதபோது மைக் அணைந்திருக்க வேண்டும். கேமரா திறந்திருக்க வேண்டும், ஆனால் நோயாளியோ அவர் பெயர் எழுதிய சீட்டோ அதில் தெரியக் கூடாது. பேச்சாளரோடு இரண்டு நாள் முன்பே ஒத்திகை பார்க்க வேண்டும். கடைசி அரைமணி நேரம் அவரவர் வேலையில் செய்த தவறுகளைச் சொல்வதற்கு. அதைப் பதிவு செய்யக் கூடாது, வெளியே பேசக் கூடாது. பதிவை நிறுத்துகிறவர் ‘நிறுத்தியாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; இன்னொருவர் திரையைப் பார்த்து ‘நின்றது’ என்று பதில் சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்ததும் டியூபில் உள்ள பெயரை நாங்கள் உரக்கப் படிப்போம், பக்கத்தில் நிற்பவர் சீட்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். அந்தப் பழக்கத்தை அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். எனக்கு எரிச்சல். வயதுக்குச் சின்னவர் எனக்கு ஒழுங்கு சொல்வதா என்ற எரிச்சல்தான், வேறென்ன. “ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம், பிரம்பு எங்க?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, “பிரம்பு உங்க கையிலதான் சார். அடுத்த மாசத்துல இருந்து கூட்டத்த நடத்தப்போறது நீங்கதான்” என்றார்.

முதல் மாதம் அந்த அரைமணியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செயலாளரே தன் தவறு ஒன்றைச் சொன்னார். அடுத்த மாதம் இரண்டு பேர் பேசினார்கள். அதற்கடுத்த மாதம் திட்டக்குடிக்காரர் பேசினார். ஒரு லேபில் சம்பளத்துக்கு இருந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நெரிசலான ஒரு காலையில் இரண்டு பேருடைய ரத்தப் பிரிவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டாராம். ரத்தம் ஏற்றுமுன் மருத்துவமனையில் மறுபடி பார்த்ததால் தப்பியது. “இப்பல்லாம் ஒவ்வொரு சீட்டையும் மூணு தடவ பாக்குறேன் சார்” என்றார். சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன்.

அன்று நான் லேபிலிருந்து கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அந்த மாதம் பேச வந்த டாக்டரின் உரை முடிகிற நேரத்தில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை பார்க்க வேண்டிய பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். நேரம் தவறினால் அந்த ரத்தம் வீண். “ரெக்கார்டிங் நிறுத்தியாச்சு” என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். சொன்னேனே தவிர, நிறுத்தவில்லை. திரும்பி வந்து அமுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன். “நின்னுச்சு” என்று செயலாளரின் குரல் கேட்டது. கூட்டம் முடிந்து, டாக்டரின் உரையை வராதவர்களும் கேட்கட்டும் என்று பதிவின் இணைப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சாயங்காலத்துக்குள் அது திட்டக்குடி லேப் முதலாளியின் செல்போனுக்குப் போய்விட்டது. மறுநாள் திட்டக்குடிக்காரருக்கு வேலை இல்லை.

அவசரமாகக் கூடினோம். எல்லார் முகமும் என்னையே பார்த்தது. “நான் அமுக்கினேன். நெட் சரியில்ல, நிக்கல போலிருக்கு” என்றேன். அப்படி ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்தது எனக்கே தெரியாது. செயலாளர், “அமுக்கியும் நிக்காம போகலாம். அதுக்குத்தான் ரெண்டாவது ஆள் பாக்கணும்னு விதி. அந்த ஆள் நான். சார் சொன்னா சரியா இருக்கும்னு பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது” என்றார். அதற்குமேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. திட்டக்குடிக்காரர் குழுவை விட்டு வெளியேறினார்.

அதன்பிறகும் செயலாளர் அந்த அரைமணியை எடுத்துவிடவில்லை. மாதாமாதம் பதிவை நிறுத்தி, தானே இரண்டு தடவை பார்த்துவிட்டு, “யாராவது சொல்றீங்களா?” என்பார். சதுரம் சதுரமாக முகங்கள் உட்கார்ந்திருக்கும், ஒருவரும் பேச மாட்டோம். அரைமணி முடியும்வரை அவர் கேமராவைப் பார்த்தபடி காத்திருப்பார். எனக்கு அது முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதை நீக்கிவிடலாம் என்று ஆண்டுக் கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன். “இருக்கட்டும் சார்” என்றார், அவ்வளவுதான்.

போன மாதம் அவர் வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. செயலாளராக என் முதல் கூட்டத்தில் விதிகளை வாசித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் திணறினேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், “யாருமே பேசுறதில்லன்னு சொல்றாங்களே, இந்த அரைமணி எதுக்கு சார்?” என்று கேட்டாள். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கிறது என்று சொல்லி வெளியேறினேன். நெட் மேல் பழி போட்டு எனக்குப் பழகிவிட்டது.

இன்று காலை பழைய செயலாளருக்கு போன் செய்தேன். நலம்கூட விசாரிக்கவில்லை. “அன்னிக்கி நான் அமுக்கவே இல்லம்மா” என்றேன்.

“தெரியும் சார். அந்த ரெக்கார்டிங்க அழிக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்தேன். நிறுத்தியாச்சுன்னு சொல்றப்ப கிளவுஸ் மாட்டிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு கையும் தெரியுது.”

“பின்ன ஏன் கேக்கல?”

“நான் கேட்டா அது விசாரணை. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் அந்த அரைமணிய விடாம வச்சிருந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் வந்த அழுகை. கூடவே, சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு லேசானதும் உண்மை. நன்றி என்று ஏதோ உளறினேன்.

“எனக்கு எதுக்கு சார் நன்றி” என்றார். “திட்டக்குடிக்காரருக்கு மாசத்துக்கு ஒருதடவ போன் போடுறேன். இன்னிக்கு வரைக்கும் எடுக்கல. அவரு எம்மேலதான் கோவமா இருக்காரு.”