எனக்கு விழுந்த அணி

எங்கள் பள்ளி மைக்கில் இரும்புத் துருவும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விட்ட மூச்சும் கலந்த ஒரு வாடை அடிக்கும். அந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, எதிரே தரையில் உட்கார்ந்திருந்த மொத்தப் பள்ளியும் கைதட்டிய அந்த நொடியில்தான் முதன்முதலாக எனக்கு அது உறைத்தது: நான் கொஞ்சமும் நம்பாத ஒன்றைப் பேசுகிறேன், இவர்கள் நம்புகிறார்கள், அப்படியென்றால் இப்போது பேசிக்கொண்டிருப்பது யார்?

அப்போது பதினோராம் வகுப்பு. செம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். இலக்கிய மன்ற விழாவுக்குப் பட்டிமன்றம் என்று சொல்லி, ‘உறவு வலுப்படுவது சொந்தத்தில் பெண் எடுப்பதாலா, அசலில் பெண் எடுப்பதாலா?’ என்று தமிழம்மா கரும்பலகையில் எழுதினார். சொந்தத்துக்கு வெளியே இருக்கும் எல்லோரும் எங்களுக்கு ‘அசல்’. தாய்மாமனுக்கு மகன் இருக்கும் பெண்ணை அசலார் கேட்டு வருவதென்றால், அந்த மாமன் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வரலாம். எனக்கோ ஒட்டன்சத்திரத்தில் தாய்மாமன் இருந்தார், அவருக்குக் கார்த்தி என்று ஒரு மகனும் இருந்தான். ஆகவே அசல் அணியில் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று துடித்தேன். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது சொந்தம். என் தோழி நிவேதாவுக்கு அசல் விழுந்தது, அவளுக்கு அவள் மாமன் மகன் மேல் ஒரு கண். மாற்றிக்கொள்கிறோம் என்று இரண்டு பேரும் கெஞ்சிப் பார்த்தோம்.

“விழுந்த அணியத்தாண்டி பேசணும். மனசுல இருக்கிறதயே பேசுறதுக்கு எதுக்குப் பட்டிமன்றம்? அத வீட்லயே பேசிக்கலாமே,” என்றார் தமிழம்மா.

“வீட்ல பேச விட்டா நாம ஏண்டி மைக்கத் தேடப்போறோம்?” என்று நிவேதா என் காதைக் கடித்தாள்.

எந்த அணி விழுந்தாலும் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. பொதுவாகப் பேசினால் எடுபடாது, ஒரு ஆளைக் காட்டிப் பேச வேண்டும் என்று நானே முடிவு செய்து, மாமாவை மேடைக்கு இழுத்தேன். “எனக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு மாமா இருக்கிறார். தெரியாத வீட்டில் போய்த் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று கேட்டு நிற்பதைவிட, ஒளிந்து விளையாடிய வீட்டுக்குள் உரிமையோடு நுழைவது பெருமையில்லையா?” என்று நான் கேட்டு நிறுத்திய இடத்தில்தான் அந்தக் கைதட்டல் விழுந்தது.

யாரோ அதைப் படம் பிடித்துப் பெற்றோர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து சித்திக்கு, சித்தியிடமிருந்து எங்கள் குடும்பக் குழுவுக்கு. மாமா ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்துப் பழகிப் பேச்சே அந்தப் பக்கத்துப் பேச்சாக மாறியவர். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்து லாரிக்காரர்கள் வரைக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் வந்தது.

“மாப்ள, புள்ளையே வாயத் தொறந்து சொல்லிருச்சுங்க. இனி நாம யோசிக்க என்ன இருக்குது? ஞாயித்துக்கெழம வாரோம், பூ வச்சுட்டு வந்தர்றோம்.”

பூ வைப்பதென்றால் மாமியார் வீட்டார் வந்து பெண்ணின் தலையில் பூச்சூட்டி, இவள் எங்களுக்கு என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போவது. “கல்யாணம் படிப்பு முடிஞ்சப்பறம்தான்னு மச்சானே சொல்றாரு. பூதான, இருந்துட்டுப் போகுது,” என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார். பூ மட்டும்தான் என்பது பொய்யில்லை. ஆனால் பூ வைத்த பெண்ணை மதுரை விடுதிக்கு அனுப்ப எங்கள் வகையறாவில் யாருக்கும் மனம் வராது. தமிழ் இலக்கியம், விடுதி அறை, பெரிய நூலகம் என்று நான் கட்டி வைத்திருந்த எல்லாம் அத்தையின் கையிலிருக்கும் ஒரு முழப் பூவில் முடிந்துவிடும்.

“அம்மா, அது சும்மா பேசுனதும்மா.”

“சும்மா பேசுறவ எங்கண்ணன ஏண்டி இழுத்த?” என்றாள் அம்மா.

அந்த வாரம் வகுப்பில் பழைய அகப்பாட்டு ஒன்று நடந்தது. பாடிய புலவர் ஆண், பாட்டில் பேசுபவளோ தலைவி, மேலே ‘தலைவி கூற்று’ என்று போட்டிருந்தது. அந்தப் புலவரை யாரும் வீடு தேடிப் போய், நீதானே தலைவனுக்காக ஏங்கினாய் என்று கேட்டதில்லை. இன்னொருவர் குரலில் பேசுவதைக் காலங்காலமாகப் புரிந்துகொண்டு தலையாட்டிய இந்த மொழியில், செம்பட்டிப் பெண் ஒருத்தி மைக்கில் பேசினால் மட்டும் ஏன் அது சம்மதமாகிவிடுகிறது? இதைத் தமிழம்மாவிடம் கேட்டிருக்கலாம். பயந்துகொண்டு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவும் அத்தையும் பழத்தட்டோடு வந்து இறங்கினார்கள். லோடு ஏற்ற ஆளில்லை என்று கார்த்தியை மண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள், அவனிடம் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பட்டுப்பாவாடையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அத்தை வாழையிலைப் பொட்டலத்தைப் பிரிக்க, மல்லிகை வாசம் கூடத்தையே அடைத்தது. கொண்டை ஊசியைப் பல்லில் கடித்து விரித்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

“மாமா, அது எனக்கு விழுந்த அணி மாமா,” என்றேன்.

மாமா சிரித்தார். “விழுந்துச்சா? ஏங்கண்ணு, அத்தன சனத்து முன்னால என்னையச் சொல்லிப் பேசுனியே, அது பொய்யா?”

பொய் என்றால் மாமாவுக்கு அவமானம், உண்மை என்றால் எனக்குப் பூ. பண்டிகைக் காலைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தால், இலை போட்டுச் சோறு ஆறினாலும் டிவியில் பட்டிமன்றத் தீர்ப்பு வரும்வரை எழுந்திருக்காத மனிதர் அவர். அதைப் பிடித்துக்கொண்டேன். “ஒரு அணிய மட்டும் கேட்டுட்டு நடுவர் தீர்ப்புச் சொல்லலாமா மாமா?”

அவர் கை உயர்ந்தது. “அட, செத்த பொறு புள்ள,” என்று அத்தையை நிறுத்தினார். “பேசு கண்ணு, கேப்போம்.”

எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. எதுகை இல்லை, மோனை இல்லை, மூச்சு விடும் இடம்கூடத் தெரியவில்லை. “மதுரையில போய்ப் படிக்கணும் மாமா. கார்த்தி நல்லவந்தான். ஆனா நான் அவனக் கட்டிக்க மாட்டேன்.” அவ்வளவுதான்.

“அன்னைக்கு எம்புட்டு அழகாப் பேசுன!” என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை, ஏமாந்த குரலில் சொன்னார். “இது நல்லாவே இல்லையே கண்ணு.”

அப்போது சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “குடுங்க மதினி,” என்று அத்தை கையிலிருந்த பூவை வாங்கி, நேரே போய்ச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள். சாமிக்குப் போட்ட பூவைத் திரும்ப எடுத்து என் தலையில் வைக்க இனி யாராலும் முடியாது. அம்மா திரும்பித் தன் அண்ணனைப் பார்த்தாள், அவர் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் போனார்கள்.

இப்போது நான் மதுரையில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு. கார்த்தி ஒரு நாள் ‘தப்பிச்சோம்’ என்று எனக்கு அனுப்பி, நான் பதில் போடுவதற்குள் அழித்துவிட்டான். ஆனால் அரிசியும் வெல்லமும் மஞ்சள் கொத்துமாக மாமா அம்மாவுக்குக் கொண்டுவரும் பொங்கல் சீர் அந்த ஞாயிறோடு நின்றுபோனது. பொங்கலன்று தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா கொல்லைப்புறம் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறாள். எனக்காக அவள் விட்டுக்கொடுத்தது அதைத்தான்.

கல்லூரி மன்றத்தில் சீட்டுக் குலுக்கல் இல்லாத ஒரு பட்டிமன்றம் நடத்தத் திட்டம் போட்டிருக்கிறேன், அவரவர் நம்புவதை மட்டும் பேச வேண்டும், திக்கினாலும் சரி. திட்டம் போடும்போதுதான் உறைத்தது, மாமா ஏன் அப்படி ஆசைப்பட்டார் என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மேடையில் அவருக்காக நான் அடுக்கிய காரணங்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு. என் முடிவு மாறப்போவதில்லை, ஆனாலும் கேட்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஏலம் முடிந்து மண்டியில் ஆள் குறையும் நேரமாகப் பார்த்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறுவதாக இருக்கிறேன். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. எந்தச் சேலையைக் கட்டிக்கொள்வது என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.