அட்ஜஸ்ட் அக்கா

எங்கள் கண்ணாடிக் கடையில் அவருக்கு அட்ஜஸ்ட் அக்கா என்றுதான் பேர். மூக்குக் கண்ணாடி காதில் அழுத்துகிறது, மூக்கிலிருந்து வழுக்குகிறது என்று யார் வந்தாலும் கல்லாவில் இருக்கும் நான் கைகாட்டுவது அவர் மேசையைத்தான். பிளாஸ்டிக் ஃப்ரேமைச் சூடான காற்றில் காட்டி, இளகியதும் விரலால் வளைப்பார். சூடு காட்டாமல் வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். அக்கா கையில் ஒன்றுகூட முறிந்து நான் பார்த்ததில்லை.

இந்த இங்கிலீஷ் வார்த்தையை எவன் கொண்டுவந்து நம் வாயில் போட்டானோ! பஸ்ஸில் நிறைந்த சீட்டில் இடித்துக்கொண்டு உட்காருகிறவரும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறார், லீவு கேட்டால் முதலாளியும் அதையேதான் சொல்கிறார். சொல்கிறவர் மட்டும் இருக்கிற இடத்தை விட்டு அசைய மாட்டார், கவனித்திருக்கிறீர்களா?

அக்கா வீட்டில் அந்த வார்த்தைக்கு ஓய்வே கிடையாது. இருப்பது இரண்டே அறை. ஒன்று மாமியாருக்கு. கொழுந்தனுக்குக் கல்யாணமானதும், கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று அக்காவின் அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் வருஷக்கணக்கானது. வீட்டுக்காரர் கூடத்தில் படுக்க, அக்கா சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமலைக் கேட்டுக்கொண்டு தூங்கினார். எனக்கு வயிறு எரியும். உங்களுக்கு வாயே கிடையாதா என்பேன். சிரித்து மழுப்புவார்.

போன மாதம் கொழுந்தன் தனிக்குடித்தனம் போனான். வேறு ஊரில் தனியாக இருக்கும் அக்காவின் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. குளியலறையில் வேறு விழுந்திருந்தார். காலியான அறையில் அம்மாவை வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா ஜன்னலெல்லாம் துடைத்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன் கூடப்பிறந்தவள் மகன் வந்து தங்கிப் படிக்கப் போகிறான், அக்காவின் அம்மா ஊரிலேயே அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளட்டும் என்று முடித்துவிட்டாராம். மனுஷனா அவர்!

மறுநாள் அக்கா கடையிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டார். இவர் விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"எனக்காக அங்க யார்கிட்டயும் பேசிட்டு இருக்காதம்மா. நான் இங்கயே அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

போனை வைத்த கையோடு, காத்திருந்த பெரியவரின் கண்ணாடியை அக்கா எடுத்தார். சூடு காட்டவே இல்லை. நான் கூப்பிடுவதற்குள் காதில் மாட்டும் காம்பு முறிந்து கீழே விழுந்தது.

பெரியவர் குனிந்து, தரையைத் தடவி அதை எடுத்தார். கோபமே இல்லை அவர் முகத்தில்.

"பரவால்லம்மா. வீட்ல பழசு ஒண்ணு கிடக்கு. கொஞ்சம் மங்கலாத் தெரியும், அவ்ளோதான். அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

அக்காவின் முகம் கோணிக்கொண்டு போனது. வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க, நடுக் கடையில், பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வேண்டாங்கய்யா. நீங்களாவது அட்ஜஸ்ட் பண்ணிக்காதீங்க."