சக்கரத் துளையில் வைத்த மை

நான் கடைசல்காரன். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் பட்டறை. கட்டில் கால், பூரிக்கட்டை, நடைவண்டி கடைவேன். படிப்பு ஐந்தாவது வரைதான். இது எண்பதுகளில் நடந்தது.

என் ஒரே மகள் அப்போது பன்னிரண்டாவது. மேலே பாலிடெக்னிக் போகணும் என்றாள். கீழ்பென்னாத்தூரில் இருந்த என் அக்கா தன் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு இரண்டு பக்கமும் பேச வரவில்லை. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில், மரத்தில் ரேஸ் கார் செய்து பலகைச் சரிவில் ஓடவிடும் போட்டி வைத்தார்கள். அக்கா எதிரிலேயே சொல்லிவிட்டேன். ஜெயித்தால் படிப்பு, தோற்றால் கல்யாணம். மகள் சரி என்றாள்.

காரை அவளே செதுக்கினாள். சக்கரம் மட்டும் நான் கடைந்து துளை போட்டுக் கொடுத்தேன். துளைக்குள் சிராய் நின்றது. ஆணியைக் காய்ச்சி உள்ளே விடுகிறேன், வழவழப்பாகிவிடும் என்றேன்.

"கருகி வெடிச்சிடும். உன் நடைவண்டிக்கு அது போதும்ப்பா" என்றாள்.

உப்புத்தாளும் கூடாதாம். துளை கோழிமுட்டை மாதிரி ஆகிவிடுமாம். என் பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கினாள். பென்சில் கரியைத் தூளாக்கி அதில் தேய்த்தாள். துளையில் விட்டு நேராக இழுப்பாள். திருகமாட்டாள். நாலு இழுப்பு, ஒரு ஊது, பிறகு மறுபக்கமிருந்து நாலு. மூன்று சக்கரம் கெட்ட பிறகு அவளாகக் கண்டுபிடித்தது. பத்து நாள் இதே வேலை. கடைசியில் விரலால் தட்டினால் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இனிமே தொடாதப்பா" என்று அலமாரியில் வைத்தாள்.

போட்டி அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். மார்கழியில் கோயிலில் கொடுத்த தீப மை வீட்டில் இருந்தது. மலைமேல் தீபம் எரிந்த கொப்பரையின் மை. நல்ல காரியத்துக்குப் போனால் நெற்றியில் வைப்போம். பென்சில் தூளும் கருப்பு, இதுவும் கருப்பு. சாமி பேரைச் சொல்லி நாலு துளையிலும் தடவினேன். அதில் நெய் இருப்பது தெரிந்ததுதான். அப்போது தோன்றவில்லை.

அவள் கார் பாதிச் சரிவில் தயங்கியது. மற்றதெல்லாம் தாண்டிப் போயின. கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எடுத்துச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள். என்னிடம் வந்தாள்.

"மை வச்சியா?"

"ஆமா. நல்லதுக்குத்தான் வச்சேன்."

"மரம் நெய்யைக் குடிச்சு ஊறிப்போச்சுப்பா" என்றாள்.

மறுநாள் அக்கா வந்துவிட்டாள். "மரக் காரு நின்னா என்னடி, என் பையன் நிக்காம ஓடுவான்" என்று சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கொடுத்த பேச்சு பேச்சுதானே என்று கேட்டாள்.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் தோற்கவில்லை, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லவேண்டிய நேரம் அது. சாமி மையைக் குறை சொல்கிறாயா என்று அக்கா கேட்பாள் என நினைத்தேன். அதெல்லாம் சாக்கு.

"பேச்சு பேச்சுதான்" என்றேன்.

மகள் உள்ளே போய்விட்டாள். வைகாசியில் கல்யாணம்.

இன்றும் என்னிடம் நல்லபடியாகத்தான் பேசுகிறாள். என் வேலையைக் கேட்பாள், கால் வலியைக் கேட்பாள். அவள் மாமியார் வீட்டில் மட்டும், அவளுக்கு ஒரு கார் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்றே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளும் மறுப்பதில்லை.