பிறந்தநாள் சூப்

லண்டனில் சட்டன் பக்கம் இருக்கும் என் தம்பியின் மகன் வீட்டுக்கு, அவன் மகளின் பாஸ்போர்ட் படிவம் நிரப்பப் போயிருந்தேன். கவுன்சில் அலுவலகத்தில் காலம் கழித்த நான் கண்ணை மூடிக்கொண்டே நிரப்புவேன் என்று குடும்பத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. அவன் மனைவி ஜியுன் கொரியாக்காரி. தமிழை மாமியாரிடம் படித்தவள். மகள் மீனாவுக்கு அன்று பதின்மூன்று வயது. அவள் முன்னால் ஜியுன், கொரியாவில் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப்பை வைத்தாள்.

அந்தக் கடல் மணம் முகத்தில் பட்டதும் மேசை மெல்ல விலகிப்போய், மன்னாரில் எங்கள் குசினி வந்தது. யன்னலால் உப்புக் காற்று வந்தது. அடுப்பில் தேங்காய்ப்பாலில் பச்சரிசி வெந்துகொண்டிருந்தது. என் அம்மா நீர்கொழும்புச் சிங்களப் பெண். என் பிறந்தநாள்தோறும் பாற்சோற்றை வாழையிலையால் அமுக்கிச் சாய்சதுரங்களாக வெட்டுவார். பதின்மூன்றாம் பிறந்தநாளில் கூட்டாளிகள் சிரித்தார்கள் என்று, "சிங்களச் சோறு எனக்கு வேண்டாம்" என்றேன். அம்மா தட்டை எடுத்துப்போய், சுவரைப் பார்த்தபடி தானே சாப்பிட்டார்.

"அம்மா, இண்டைக்கு என்ர பேர்த்டே. எனக்கு பீட்சா போதும்," என்றாள் மீனா, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பிறந்தது நீ. பெத்தது ஆர்?" என்றாள் ஜியுன். "உன்னைப் பெத்த அண்டைக்கு எனக்கு இதைத்தான் தந்தவை. ஒரு வாய் குடி."

என் அம்மா அப்படிக் கேட்கவில்லை.

போனை விடாமலே, மீனா மறுகையால் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

நான் படிவத்துக்குத் திரும்பினேன். தாயின் பெயர் கேட்ட கட்டத்தில் என் அம்மாவின் பெயரை எழுதியிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, புதுப் படிவம் கேட்க வேண்டியிருந்தது.